பள்ளிக்குப் பின்னால் ஒரு டிரஸ்ட்: கணக்கை யாரிடம் கேட்பது?

ஜூன் மாதம் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தனியார் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் பலரின் கையில் ஒன்றுக்கு மேற்பட்ட ரசீதுகள் இருக்கும். கல்விக் கட்டணத்துக்குப் பள்ளியின் பெயரில் ஒன்று. கட்டட நிதி, வளர்ச்சி நிதி என்று டிரஸ்ட் பெயரில் இன்னொன்று. பஸ்ஸுக்கோ சீருடைக்கோ வேறொரு நிறுவனத்தின் பெயரில் மூன்றாவது. தொகை சரியா என்று பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். அந்த ரசீதின் தலைப்பிலோ அடியிலோ சின்ன எழுத்தில் பள்ளியை நடத்தும் அமைப்பின் பெயர் இருக்கும். சிலவற்றில் பதிவு எண்ணும் இருக்கும். அடுத்த முறை அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தப் பணத்துக்குச் சட்டப்படி பொறுப்பாளி அந்த அமைப்புதான்.

நம் நாட்டில் பள்ளியையோ கல்லூரியையோ சாதாரண வியாபாரமாக நடத்த முடியாது. சி.பி.எஸ்.இ. இணைப்பு வேண்டுமானாலும், பொறியியல் கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி வேண்டுமானாலும், நடத்துகிறவர் அறக்கட்டளையாகவோ, பதிவு பெற்ற சங்கமாகவோ, லாப நோக்கமற்ற கம்பெனியாகவோ இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002-ல் டி.எம்.ஏ. பை வழக்கிலும் 2005-ல் இனாம்தார் வழக்கிலும் சொன்னது இதுதான்: கல்வி நிறுவனம் தன் வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், லாபவேட்டை கூடாது, நன்கொடை வாங்கிக்கொண்டு இடம் தரக் கூடாது. தமிழ்நாட்டில் நன்கொடைக் கட்டணத்தைத் தடுக்க 1992-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2022 அக்டோபரில் ஆந்திரத்தின் நியூ நோபல் கல்விச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகப் பேசியது: கல்வி நிறுவனம் என்ற பெயரில் வருமான வரி விலக்குக் கேட்டால், அந்த அமைப்பின் நோக்கம் கல்வி மட்டுமாகவே இருக்க வேண்டும்.

இந்த வரி விலக்கை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு டிரஸ்ட் கட்டாமல் விடும் வரியை நாட்டின் மற்ற வரிசெலுத்துவோர் சுமக்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் தன் லாபத்துக்கு வரி கட்டுகிறார். அடுத்த தெருவில் இருக்கும் பள்ளியின் உபரிக்கு வரி இல்லை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சலுகையை வாங்கிக்கொண்ட பிறகு, ‘எங்கள் கணக்கு எங்கள் சொந்த விஷயம்’ என்று சொல்ல எந்தத் தாளாளருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இது புதிய பிரச்சினையும் இல்லை. ஆவடிக்கு வடக்கே இருக்கும் பெரியபாளையத்தில் 1754-ல் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். துபாஷியாக இருந்து பெரும் செல்வம் சேர்த்தவர். 1794-ல் இறப்பதற்குமுன் தன் சொத்தைத் தர்மத்துக்கு என்று உயில் எழுதினார். அந்தப் பணம் பல ஆண்டுகள் உரிய வேலைக்குப் போகவில்லை. பொறுப்பில் இருந்தவர்களிடையே கைமாறி, வழக்குகளில் சிக்கிக் கிடந்தது. சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் பொதுமக்கள் சார்பில் தலையிட்டார். பின்னால் அந்தப் பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் தொடர்ந்தார். 1832-ல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கோயில் தர்மங்களுக்குப் போக மிஞ்சிய தொகையைக் கல்விக்குச் செலவிடலாம் என்று ஏற்பாடாகி, 1842-ல் பச்சையப்பன் பள்ளி திறந்தது. 1889-ல் அது கல்லூரியானது. இன்றும் அந்த அறக்கட்டளை நீதிமன்றம் வகுத்த திட்டப்படியே நடக்க வேண்டியது. அண்மை ஆண்டுகளில் நிர்வாகத் தகராறு முற்றி, ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் இடைக்கால நிர்வாகிகளாக அமர்த்த வேண்டி வந்தது. எவ்வளவு நல்ல மனத்தோடு தொடங்கிய தர்மமானாலும் கணக்குக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கம் இதைவிடப் பழைய சாட்சி தேட வேண்டியதில்லை.

அன்று அட்வகேட் ஜெனரல் செய்த வேலையை இன்று நீங்களும் செய்யலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அதற்கு வழி விடுகிறது. பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்றத்தின் முன்அனுமதி பெற்று வழக்குப் போடலாம். நிர்வாக அறங்காவலரை நீக்கு, கணக்கைக் காட்டு, புதிய நிர்வாகத் திட்டம் வகுத்துக் கொடு என்று கேட்கலாம். ஆனால் சும்மா பக்கத்து வீட்டுக்காரர் என்றால் போதாது. அந்த அறக்கட்டளையோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று காட்ட வேண்டும். வழக்கறிஞர், செலவு, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் உண்டு. எனவே அது கடைசி வழி. முதலில் தாள்களைத் தேட வேண்டும். தாள் எங்கே கிடைக்கும் என்பது, நடத்துகிற அமைப்பு எந்த வகை என்பதைப் பொறுத்தது.

லாப நோக்கமற்ற கம்பெனி என்றால் வேலை சுலபம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவானவை அவை. இயக்குநர்கள் யார், ஆண்டுக் கணக்கு என்ன என்பதை ஒன்றிய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நம் பகுதிப் பள்ளிகளில் இந்த வகை குறைவு.

சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும். குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல், நிர்வாகக் குழு மாற்றம் எல்லாம் மாவட்டப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். கட்டணம் கட்டி அவற்றைப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். நிர்வாகத்தில் கோளாறு என்று தெரிந்தால் 36-ஆம் பிரிவின்கீழ் பதிவாளர் விசாரணை நடத்தலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டாலும் செய்யலாம், தாமாகவும் செய்யலாம். பல சங்கங்கள் ஆண்டுக் கணக்கை நாலைந்து வருடம் தாக்கல் செய்யாமல் விட்டு, ஏதாவது தகராறு வந்த பிறகு மொத்தமாக அபராதம் கட்டி ஒழுங்குபடுத்துவது வாடிக்கை. கோப்பில் கணக்கு இல்லை என்ற பதிலே உங்களுக்கு ஒரு முக்கியமான தகவல்தான்.

சிக்கல் அறக்கட்டளையில்தான் இருக்கிறது. நம் சுற்றுவட்டாரக் கல்வி நிறுவனங்களில் மிகப் பெரும்பாலானவை அறக்கட்டளை நடத்துபவைதான். 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பொது அறக்கட்டளைகளுக்கு 1950-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டத்தின் வழி வந்த தனிச் சட்டமும், அறக்கொடை ஆணையர் என்று ஓர் அதிகாரியும் உண்டு. தமிழ்நாட்டில் கோயில் சார்ந்த அறக்கட்டளைக்கு இந்து சமய அறநிலையத் துறை இருக்கிறது, வக்ஃபுக்கு வாரியம் இருக்கிறது. கல்வி அறக்கட்டளைக்கு அப்படி யாரும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் பத்திரம் பதிவாகும், அதோடு சரி. அதற்குப் பிறகு ஆண்டுக் கணக்கை அந்த அலுவலகத்துக்குத் தர வேண்டியதில்லை, அறங்காவலர் மாறினால் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பத்திரத்தையாவது பார்க்கலாமா? இங்கே வெளியில் அதிகம் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் அசையாச் சொத்து தொடர்பான பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். அதை யாரும் பார்க்கலாம். நிலமோ கட்டடமோ சேராமல், சில ஆயிரம் ரூபாய் முதலீட்டோடு எழுதிய அறக்கட்டளைப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் ஏறும். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி அதன் நகலை எழுதிக்கொடுத்தவரும் அதன்கீழ் உரிமை கோருபவரும்தான் வாங்க முடியும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் அடிப்படை ஆவணம், பெற்றோருக்குக் காட்டப்படாத ஒரு புத்தகத்தில் பூட்டிக் கிடக்கிறது. தந்தை நிர்வாக அறங்காவலர், தாய் அறங்காவலர், மகன் செயலர், மருமகள் பொருளாளர் என்று எழுதி, அவர்களுக்குப் பின் அவர்கள் வாரிசுகள் என்று பத்திரத்தில் போட்டுவிட்டாலும் சட்டத்தில் தடை இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு பாதைகள் இருக்கின்றன.

முதல் பாதை, நிறுவனத்தையே நேரடியாகக் கேட்பது. 2019 செப்டம்பர் 17 அன்று டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனம் பொது அதிகார அமைப்பாகவே கருதப்படும், தகவல் தர வேண்டும். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அரசுப் பணம் இருந்தால்தான் கணிசம் என்பதில்லை. நகரத்தில் நிலத்தை இலவசமாகவோ பெரும் சலுகையிலோ கொடுத்திருந்தால் அதுவே கணிசமான நிதியாக இருக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசு தரும் உதவி பெறும் பள்ளி, கல்லூரிகள் இந்த வரையறைக்குள் வருகின்றன. ஆவடி சத்தியமூர்த்தி நகரின் முருகப்பா பாலிடெக்னிக்கும் உதவி பெறும் கல்லூரிதான். உங்கள் பிள்ளை படிக்கும் இடம் உதவி பெறுவதா, சுயநிதியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

இரண்டாவது பாதை சுயநிதிப் பள்ளிக்கும் உதவும். சட்டத்தின் 2(எஃப்) பிரிவில், வேறொரு சட்டத்தின்கீழ் அரசு அலுவலகம் ஒரு தனியார் அமைப்பிடமிருந்து கேட்டுப் பெறக்கூடிய தகவலும் ‘தகவல்’ என்றே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2013-ல் கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில், வங்கி பொது அமைப்பு அல்ல என்று சொன்ன உச்ச நீதிமன்றம், பதிவாளருக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய தகவலைப் பதிவாளர் வாங்கித் தரலாம் என்றும் சொன்னது. ஆகவே பள்ளியிடம் கேட்டு மறுத்தால் ஓய்ந்துவிட வேண்டாம். மாவட்டப் பதிவாளரிடமும், தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் மாவட்டக் கல்வி அலுவலரிடமும், கட்டண நிர்ணயக் குழுவிடமும் கேளுங்கள். இந்தக் கட்டணக் குழு 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அதன் தலைவர். பள்ளி தரும் வரவு செலவைப் பார்த்து, இடம், வசதி, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கான நியாயமான உபரி எல்லாம் கணக்கிட்டு மூன்று ஆண்டுக்கான கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதாவது உங்கள் பள்ளி ஒரு கணக்கை ஏற்கெனவே அரசிடம் கொடுத்திருக்கிறது. அதைக் கேட்கும்போது பள்ளியின் கருத்தை அலுவலகம் கேட்கும், வணிக ரகசியம் என்று சொல்லி மறுக்கப் பார்ப்பார்கள். பொது நலன் பெரிது என்று காரணம் எழுதி மேல்முறையீடு செய்யலாம். அதற்குமேல் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது.

கணக்கு கைக்கு வந்தால் எங்கே பார்ப்பது? பலர் கடைசி வரியில் உபரி எவ்வளவு என்று பார்த்து, குறைவாக இருந்தால் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வரவு 4 கோடி ரூபாய். ஆசிரியர், ஊழியர் சம்பளம் 1 கோடியே 60 லட்சம். இட வாடகை 90 லட்சம். வாகனம் 60 லட்சம். மற்றவை 50 லட்சம். உபரி 40 லட்சம், பத்து சதவீதம். பார்க்க அடக்கமாக இருக்கிறது. வரி விலக்குப் பெற்ற டிரஸ்ட் தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பது வருமான வரி விதி. இது 90 சதவீதம் செலவிட்டிருக்கிறது. விதியும் நிறைவேறிவிட்டது.

இப்போது செலவுப் பக்கம் வாருங்கள். அந்த 90 லட்சம் வாடகை யாருக்குப் போகிறது? நிலம் நிர்வாக அறங்காவலரின் சொந்தப் பெயரில் இருந்தால், வாடகை அவர் வீட்டுக்குப் போகிறது. பஸ் ஒப்பந்தம் மகன் நடத்தும் நிறுவனத்துக்கு, சீருடை மருமகளின் கடைக்கு என்றால் அதுவும் அப்படியே. லாபம் எடுக்கிறவர் அதை உபரியில் காட்ட மாட்டார்; செலவில் எழுதுவார். உறவினரோடு ஒப்பந்தம் செய்வதைச் சட்டம் ஒரேயடியாகத் தடுக்கவில்லை. சந்தை விலைக்கு மேல் கொடுத்தால், வட்டியும் ஈடும் இல்லாமல் டிரஸ்ட் பணத்தை அவர்களுக்குக் கடனாகத் தந்தால், அந்த அளவுக்கு வரி விலக்குப் பறிபோகும். அதனால்தான் வருமான வரித் தணிக்கை அறிக்கையில் அறங்காவலருக்கும் உறவினருக்கும் கொடுத்த தொகைகளைத் தனியே எழுத வேண்டும். இருப்பு நிலைக் குறிப்பில் ‘கடனும் முன்பணமும்’ என்ற தலைப்பையும் பாருங்கள். பள்ளிப் பணம் இன்னொரு டிரஸ்டுக்கோ ஒரு கட்டுமானக் கம்பெனிக்கோ போயிருந்தால் அங்கே தெரியும். ஆசிரியர் சம்பளம் வரவில் எத்தனை பங்கு என்பதையும் வகுத்துப் பாருங்கள்; நல்ல பள்ளிக்கு அதுதான் முதல் அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

ரசீது விஷயத்துக்கு ஒரு வார்த்தை. இடம் கிடைக்க வேண்டுமானால் கொடுத்தே தீர வேண்டும் என்ற தொகை நன்கொடை ஆகாது, டிரஸ்ட் பெயரில் ரசீது தந்தாலும் ஆகாது. மனமுவந்து கொடுத்து வரிச்சலுகை கேட்கக்கூடிய நன்கொடைக்கு, வருமான வரித் தளத்திலேயே உருவாகும் சான்றிதழை அந்த அமைப்பு தர வேண்டும். 2021 முதல் இது நடைமுறை. வெறும் ரசீதுப் புத்தகத்தில் கிழித்துக் கொடுத்தால் அது போதாது.

ஆராய்ச்சி நிறுவனங்களின் கதை சற்று வேறு. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999-ல் உருவானது. அதை நடத்தும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சட்டப்படி பார்த்தால், ஒரு பதிவு பெற்ற சங்கம்தான். ஆனால் அதன் கணக்கை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தணிக்கை செய்கிறார். ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. பத்து ரூபாயில் யாரும் கேள்வி கேட்கலாம். சங்கம் என்ற அதே வடிவத்தில் இருந்துகொண்டு இவ்வளவு வெளிப்படையாக நடக்க முடியும் என்பதற்கு நம் அயப்பாக்கமே உதாரணம்.

தனியார் ஆராய்ச்சி அமைப்புகளுக்கு அறிவியல் தொழில் ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரமும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் உண்டு. ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் கொடுத்தால் 175 ரூபாய்க்குக் கழிவு கிடைத்தது. அந்தச் சலுகை தவறாகவும் பயன்பட்டது. கொல்கத்தாவின் ‘ஸ்கூல் ஆஃப் ஹியூமன் ஜெனடிக்ஸ் அண்ட் பாப்புலேஷன் ஹெல்த்’ என்ற அமைப்பில் 2015-ல் வருமான வரித்துறை ஆய்வு நடத்தி, காசோலையாக வந்த நன்கொடை கமிஷன் போகப் பணமாகத் திரும்பிப் போனதாகக் கண்டது. 2016-ல் அதன் ஒப்புதல் ரத்தானது. அரசு கூடுதல் கழிவைப் படிப்படியாகக் குறைத்து, 2020-21 முதல் 100 சதவீதத்தில் நிறுத்திவிட்டது. ஆராய்ச்சி மையம் என்று பலகை மாட்டிய இடத்தைக் கேட்க வேண்டிய கேள்வி எளிது: போன ஆண்டு என்ன ஆய்வு நடந்தது, அதன் முடிவு எங்கே வெளியானது, யார் பணம் கொடுத்தார்கள்? உண்மையாக வேலை செய்கிறவர்கள் இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

பணம் கொடுப்பவர் பக்கமிருந்தும் பார்க்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எந்தத் திட்டத்துக்குச் செலவிடுகிறது என்பதைக் கம்பெனி தன் தளத்திலேயே போட வேண்டும். உங்கள் ஊர் டிரஸ்ட் பெரிய நிதி வாங்கியதாகச் சொன்னால் அங்கே சரிபாருங்கள்.

இங்கிலாந்தில் 1853-லேயே அறக்கொடை ஆணையம் வந்துவிட்டது. இன்று பதிவு பெற்ற அறக்கொடைகளின் கணக்கை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அமெரிக்காவில் லாப நோக்கமற்ற அமைப்பு ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தரும் படிவம் பொது ஆவணம். உயர் பொறுப்பில் இருப்பவர்களின் சம்பளம் உட்பட அதில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் ஒரு பொது அறக்கட்டளைச் சட்டம் வேண்டும். பத்திரம், அறங்காவலர் பட்டியல், தணிக்கை செய்த கணக்கு, உறவினரோடு செய்த ஒப்பந்தம் ஆகிய நான்கும் பதிவுத் துறையின் தளத்தில் ஆண்டுதோறும் ஏற வேண்டும். நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் வராது. மற்றவர்களோடு சேர்த்து அவர்களையும் சந்தேகிக்கும் நிலை மாறும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, முதலில் தாளாளருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். பதில் இல்லை என்றால், வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கட்டண நிர்ணயக் குழுவின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள்: பள்ளியின் பெயர், நடத்தும் அமைப்பின் பெயர், கடைசியாக நிர்ணயித்த கட்டண ஆணையின் நகல், அதற்காகப் பள்ளி கொடுத்த வரவு செலவுக் கணக்கின் நகல். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.